நன்கொடைச் சுவரில் அம்மாவுக்கு ஒரு வரி

1

நன்றி சொல்வதுதான் இங்கே எனக்கு வேலை. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கனடாவின் நடுவில், தை மாதம் வெளியே போனால் கண்ணிமை மயிரில் பனி ஒட்டிக்கொள்ளும் ஓர் ஊரில், நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில், நன்கொடை தந்தவர்களுக்கு நன்றி சொல்வதற்கென்றே ஓர் அலுவலகம் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது மாடி, ஆறு மேசை. சன்னல் ஓரத்து மேசை என்னுடையது. பதினோரு வருடமாக அங்கே உட்கார்ந்து நன்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். சொந்தக்காரர்கள் யாராவது போனில் என்ன வேலை என்று கேட்டால், "ஆபீஸ் வேலை" என்று முடித்துக்கொள்வேன். நன்றி சொல்ல ஒருத்திக்குச் சம்பளமா என்று சிரிப்பார்கள்.

இந்த வேலையில் நுணுக்கம் அதிகம். பெருந்தொகை கொடுத்தவர் பெயரைக் கட்டடத்துக்கு வைப்பார்கள். அதற்குக் கீழே கொடுத்தவருக்கு அரங்கம், அதற்கும் கீழே வகுப்பறை, அப்புறம் மரத்தடிப் பெஞ்சு. பெஞ்சுக்கும் எட்டாதவர்களுக்கு நூலக வாசலில் ஒரு கண்ணாடிச் சுவர் இருக்கிறது. அதில் விரல் நீளத்துக்கு ஒரு பெயர். நம் கோவில்களில் டியூப் லைட்டின் மேலேயே 'உபயம்' என்று எழுதிப் பாதி வெளிச்சத்தை மறைத்துவிடுவோமே, அதே சங்கதிதான். இவர்கள் கொஞ்சம் நாசூக்காகச் செய்கிறார்கள். பிறந்த நாளுக்கு வாழ்த்து அட்டை, ஆஸ்பத்திரியில் படுத்தால் பூங்கொத்து, இறந்துபோனால் குடும்பத்துக்கு இரங்கல் கடிதம். ஒருமுறை, காலமாகிவிட்ட ஒருவருக்குத் தவறுதலாகப் பிறந்த நாள் வாழ்த்து அனுப்பிவிட்டேன். அவருடைய மனைவி அதற்கும் நன்றி சொல்லிப் பதில் எழுதியிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்குக் கடிதம் எழுதும்போது, நம் மேடைப் பழக்கத்தில், 'ஏழேழு பிறவிக்கும் தங்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவைத்தேன். என் மேலதிகாரி கேரல் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மாரீஸ், இதைப் பார்த்தால் கிழவர் பயந்துவிடுவார். மிச்சமிருக்கும் பிறவிகளிலும் நாம் பணம் கேட்டு வரப்போகிறோம் என்று நினைப்பார்" என்றார். என் முழுப் பெயர் மாரீஸ்வரி. இங்கே அது யார் வாயிலும் நுழையவில்லை, பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

2

இந்த வருடம் பிப்ரவரியில் வசந்தாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. வசந்தா என்னோடு விருதுநகர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்தவள். மூன்று வருடம் ஹாஸ்டலில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இப்போது அதே கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியை, முன்னாள் மாணவியர் சங்கமும் அவள் தலையில்தான்.

"ஏய் மாரீசு, நல்லா இருக்கியாடி? அங்கன குளிரு எப்படி? நம்ம காலேஜுக்குப் பொன்விழா வருது. ஹாஸ்டல் பிள்ளைகளுக்குப் படிப்பகம் ஒண்ணு கட்டுறாக. பழைய ஸ்டூடண்ட்ஸ் கொடுக்குறதுதான். கொடுக்குறவுக பேரெல்லாம் வாசல்ல கருங்கல் சுவர்ல வெட்டப் போறாக. நீதான் இந்த வேலையிலேயே இருக்கியே, சுவரு எப்படி வச்சா நல்லா இருக்கும்னு கொஞ்சம் சொல்லேன்."

பதினோரு வருட அனுபவத்தை ஒருவர் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? நான்கு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். எழுத்து எந்த உயரத்தில் இருக்க வேண்டும், வெயில் எந்தப் பக்கம் அடித்தால் படிக்க முடியாது, எல்லாம். அதோடு ஒரு யோசனையும் சொன்னேன். 'வெறும் பெயரை வெட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் அவர் யார் என்று ஒரு வரி போடுங்கள்' என்றேன். அவள் அதைக் கமிட்டியில் வைத்தாள். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கனடாவிலிருந்து வந்த யோசனை என்று கைதட்டினார்களாம்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். நானும் கொடுப்பது; என் பெயரை விட்டுவிட்டு அம்மாவின் பெயரைப் போடச் சொல்வது. அம்மாவின் பெயர் எந்தச் சுவரிலும் எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஒரு கல்லிலாவது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

3

என் அம்மா பேச்சியம்மாள். எங்களுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சின்ன ஊர். அவள் ஒன்பது வருடம் பட்டாசுக் கம்பெனிக்குப் போனாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சீசன் நேரத்தில் ஒருத்தி உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்துவிட்டால், அவள் பெயரில் வேறொருத்தி போய் வேலை பார்ப்பாள். 'பதிலுக்குப் போறது' என்பார்கள். நாள் விட்டுப்போனால் தீபாவளி போனஸில் கை வைத்துவிடுவார்களே, அந்தப் பயம். ஆர்டர் நெருக்கடியில், ஆள் சேர்த்துவிடும் ஏஜெண்டும் கண்டுகொள்ள மாட்டார். கை வேகமாக ஓடினால் போதும். அம்மாவுக்குப் பதிவில் இடமே கிடைக்கவில்லை. ஒன்பது வருடமும் பதிலுக்குத்தான் போனாள். காலையில் பெயர் வாசிக்கும்போது மாடத்தி என்றால் மாடத்திக்கும், முத்தம்மாள் என்றால் முத்தம்மாளுக்கும் 'இருக்கேன்' என்று குரல் கொடுப்பாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைக்கு அவள் பக்கத்து வீட்டுச் சண்முகத்தாயின் பதிலுக்குப் போயிருந்தாள். சண்முகத்தாய்க்குக் காய்ச்சல். நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். சத்தம் கேட்டதும் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: வெளியே ஓடிவந்து புகை எந்தத் திசையில் என்று பார்த்தேன். தெற்கே என்றதும் அந்தக் கம்பெனிக்கு யார் வீட்டு ஆள் போயிருக்கிறார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. அம்மாவோடு அந்த அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் காயத்தோடு பிழைத்துக்கொண்டார்கள். அம்மா மதுரையில் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

பதிவில் இருந்த பெயர் சண்முகத்தாய். சண்முகத்தாய் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறாள். அப்படியென்றால் கம்பெனியில் யாரும் சாகவில்லை என்றுதானே அர்த்தம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரொம்பத் தன்மையாகப் பேசினார்.

"பொம்பளப் பிள்ளைய முதலாளியே படிக்க வைக்கிறேன்னுட்டாக. அவுக காலேஜ்லயே சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு, எல்லாம். கேஸுன்னு போனீகன்னா சண்முகத்தாயும் மாட்டுவா, ஏஜெண்டும் மாட்டுவான். ஒங்களுக்கு என்ன வந்துறப் போகுது, சொல்லுங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குப் படிக்க வேண்டும் என்று இருந்தது. அதை இத்தனை வருடம் கழித்து மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்பா காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வீட்டு அடுப்பில் சேலை பற்றி அம்மா இறந்ததாக அதில் எழுதியிருந்தது.

அடுத்த மாதம் கல்லூரி விண்ணப்பம் வந்தது. அதை நிரப்பியது நான். 'தாயின் தொழில்' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. "வீட்டு வேலைன்னு எழுதும்மா" என்றார் அப்பா. வீட்டு வேலை என்று எழுத எனக்கு ஒரு மாதிரி இருந்தது. வாரப் பத்திரிகையில் பார்த்த வார்த்தை ஒன்று ஞாபகம் வந்தது. 'இல்லத்தரசி' என்று எழுதினேன். எங்கள் தெருவில் யாரும் யாரையும் அப்படிச் சொன்னது கிடையாது. அடுத்த கட்டத்தில், 'காலமாகியிருப்பின் காரணம்' என்ற இடத்தில், 'வீட்டில் அடுப்புத் தீ விபத்து' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறேன்.

4

அந்தக் கல்லூரியில் வருடா வருடம் நிறுவனர் நாள் கொண்டாடுவார்கள். உதவித்தொகை வாங்கும் பெண்கள் எல்லோரும் ஒரே நிறச் சேலையில் மேடை ஓரம் வரிசையாக நிற்போம். முதலாளியம்மா ஒவ்வொருத்திக்கும் உறை ஒன்றைக் கொடுப்பார். கடைசியில் நன்றியுரை. தமிழ் நன்றாக வருகிறது என்று மூன்று வருடமும் என்னையே பேச விட்டார்கள். பந்தல் போட்டவர், மைக் செட் வைத்தவர், அழைப்பிதழ் அச்சடித்துக் கொடுத்த சிவகாசி அச்சகம், சாப்பாடு பரிமாறிய அண்ணன்மார் என்று ஒருவரையும் விடாமல் நன்றி சொல்வேன். கூட்டம் எழுந்து போய்க்கொண்டே இருக்கும். நன்றியுரைக்கு யார்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்?

முதல் வருடம் முதலாளியம்மாவைப் பார்த்து, "தாயில்லாத எனக்குத் தாயாக இருக்கிறீர்கள்" என்று சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாப் படிக்கணும், என்ன?" என்றார். யாரும் எழுதிக் கொடுத்துப் பேசிய பேச்சு இல்லை அது. மனதாரச் சொன்னேன். அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. வேண்டா வெறுப்பாகச் சொன்ன நன்றியாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை பாடு இல்லை. அந்தக் கல்லூரி எனக்குச் சோறு போட்டது, ஆங்கிலம் சொல்லித் தந்தது. என் கணவர் வீட்டில் படித்த பெண் என்று என்னைக் கேட்டு வந்ததும், இந்த ஊருக்கு நான் வந்து சேர்ந்ததும் அதனால்தான். அது அத்தனையும் நிஜம். அம்மா அவர்கள் கம்பெனியில் வெந்து செத்ததும் நிஜம்.

இப்போது இங்கே உதவித்தொகை வாங்கும் மாணவர்களிடம் நன்றிக் கடிதம் எழுதி வாங்குவது என் பொறுப்புகளில் ஒன்று. கடிதம் வந்தால்தான் அடுத்த தவணை. போன செப்டம்பரில் ஒரு பெண் இரண்டே வரி எழுதி அனுப்பியிருந்தாள். 'இந்தப் பணம் இல்லாவிட்டால் படிப்பை விட்டிருப்பேன். நன்றி.' கேரல், இது போதாது, குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதச் சொல் என்றார். நானும் அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். ஒரு வாரத்தில் ஒன்றரைப் பக்கம் வந்தது. அவளுடைய அப்பா சிறையில் இருப்பது வரைக்கும் அதில் இருந்தது. வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. ஆனாலும் அனுப்பிவைத்தேன்.

5

அம்மாவுக்கான வரியை எழுத எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அடுத்தவர்களுக்கு ஒரு நாளில் இருபது எழுதுகிறவள் நான். கடைசியில் இப்படி அனுப்பினேன்:

'பேச்சியம்மாள். பட்டாசுத் தொழிலாளி. வேலையில் பற்றிய தீயில் இறந்தவர்.'

கம்பெனி பெயர் இல்லை, வருடம் இல்லை, யார் மீதும் குற்றம் இல்லை. வசந்தாவிடமிருந்து ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் ஒரு படம் வந்தது. பழுப்பேறிய காகிதம். 'இல்லத்தரசி' என்பதற்குக் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் யாருடைய கையெழுத்து என்று விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் போன் வந்தது.

"கோவிச்சுக்காதடி மாரீசு. செயலாளர் பாத்தாரு. சத்தம்லாம் போடல. பழைய ஃபைலை எடுத்துட்டு வாங்கன்னு மட்டும் சொன்னாரு. ரெக்கார்டுல என்ன இருக்கோ அதைத்தான் கல்லுல போட முடியுமாம். அம்மா பேரு போட்டு, கீழ இல்லத்தரசின்னு வெட்டிக்கலாம்னாரு. நல்ல வார்த்தைதானடி அது?"

செயலாளர் என்பது வேறு யாருமில்லை, பழைய முதலாளியின் மகன்.

"ஒனக்குத் தெரியும்ல வசந்தா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? ராத்திரியெல்லாம் நீ முணங்குறதக் கேட்டுக்கிட்டுப் பக்கத்துக் கட்டில்ல கெடந்தவதானே நானு." அப்புறம் குரல் இறங்கியது. "எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் பத்துப் பன்னெண்டு வருசம் இருக்குடி."

அவளை நான் என்ன சொல்ல முடியும்? அடுத்த பெண்ணிடம் ஒன்றரைப் பக்கம் வாங்கி அனுப்பியவள்தானே நானும். பெயருக்குக் கீழே ஒரு வரி என்று யோசனை சொன்னதும் நான்தான். வெறும் பெயர்ச் சுவராக விட்டிருந்தால் பேச்சியம்மாள் என்று வெட்டிவிட்டுப் போயிருப்பார்கள். என் கெட்டிக்காரத்தனம் என் தலையிலேயே விடிந்தது.

6

என் மகள் தாராவுக்குப் பத்தொன்பது வயது. இதே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். மாலையில் இரண்டு மணி நேரம், எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்து, பழைய மாணவர்களுக்குப் போன் போட்டு நன்கொடை கேட்கும் வேலை பார்க்கிறாள். கீழே மகள் கேட்கிறாள், மேலே அம்மா நன்றி சொல்கிறாள். கேரலுக்கு அதில் ஒரு பெருமை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அம்மாச்சி கார் ஆக்சிடென்டில் இறந்ததாகத்தானே சொன்னாய்?" என்றாள் ஆங்கிலத்தில்.

நான் கார் என்று சொல்லவேயில்லை. ஆறு வயதில் அவள் கேட்டபோது ஆக்சிடென்ட் என்று மட்டும் சொன்னேன். இந்த ஊர்க் குழந்தைக்கு ஆக்சிடென்ட் என்றால் கார்தான். பதிமூன்று வருடமாக அவள் மனதில் என் அம்மா ஒரு காரில் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். எங்கள் வீட்டில் அப்போது சைக்கிள்கூடக் கிடையாது. நானும் அவளுக்கு ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த மாதிரிதான் வளர்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

"அப்படியென்றால் கொடுக்காதே. விஷயம் முடிந்தது. எதற்கு அவர்களிடம் போய் நிற்கிறாய்?" என்றாள்.

"அவங்கதான் என்னப் படிக்க வச்சாங்க தாரா."

"கொன்றதும் அவர்கள்தானே?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வாய்ச் சோறு மெல்லும் நேரம்கூட ஆகவில்லை. நான் முப்பது வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். தாரா தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இதைப் பற்றி அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

7

என் தம்பி கருப்பசாமி ஊரில் வேன் ஓட்டுகிறான். காலையில் சுற்றுப்பட்டு ஊர்களில் பெண்களை ஏற்றிப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. அவன் மகள் பவித்ரா நான் படித்த அதே கல்லூரியில், முதலாளி குடும்பத்து அறக்கட்டளையின் அதே உதவித்தொகையில், முதல் வருடம் முடிக்கப்போகிறாள்.

நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவன் கூப்பிட்டான். அவனுக்கு அங்கே சாயங்கால டிரிப் முடிந்திருந்தது.

"அக்கா, கல்லுல என்னமோ எழுதச் சொன்னியாம்ல?"

"யாருடா சொன்னா ஒனக்கு?"

"கம்பெனி மேனேஜர் கூப்ட்டாரு. கனடாவுல அக்கா நல்லா இருக்காகளான்னு கேட்டாரு. பவித்ரா நல்லாப் படிக்கிறாளான்னு கேட்டாரு. அம்புட்டுதான். வேற ஒண்ணும் கேக்கல."

வேறு ஒன்றும் கேட்க வேண்டியதில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பவித்ரா பீஸ நான் கட்டுறேன்டா. ஹாஸ்டலுக்கும் சேத்துக் கட்டுறேன்."

"பீஸ நீ கட்டிருவ. என் வேன் யாருக்கு ஓடுது? சொல்லு. அவுக மூணு கம்பெனி ஆளுகளத்தான் ஏத்தி எறக்குறேன். நாளைக்கு வேற வண்டியப் போட்டுட்டா நான் எங்கன போயி நிக்க?"

"ஏலே, அவ ஒனக்கும் அம்மாதான்லே."

வேனில் ஏதோ சாமி பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை நிறுத்தினான்.

"அம்மா எப்படிச் செத்தான்னு ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். கல்லுக்கு எதுக்குக்கா தெரியணும்? நான் தெனமும் அந்த கேட்டுக்குள்ளதான்க்கா வண்டியத் திருப்புறேன். அந்த ரூம இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிட்டாக. வேப்பமரம் மட்டும் அப்படியே நிக்குது. அதுக்கடியிலதான் நான் வண்டிய நிப்பாட்டி டிபன் திங்குறேன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சரி வைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். பஸ்ஸில் போகும்போதுதான் கோபம் இறங்கி உறுத்தல் ஏறியது. அம்மா சாகும்போது அவனுக்கு ஒன்பது வயது. அப்பா போட்ட கையெழுத்தில் ஒரு பிள்ளையைப் படிக்க வைப்பதாகத்தான் பேச்சு. அந்த ஒரு பிள்ளை நான். அவன் பத்தாவதோடு நின்று வண்டி கழுவப் போனான். நான் இங்கே சூடு போட்ட அறையில் உட்கார்ந்துகொண்டு, கல்லில் உண்மையை வெட்ட வேண்டும் என்கிறேன். அதற்கான விலையை மறுபடியும் அவன் கொடுக்க வேண்டும் என்கிறேன். பஸ்ஸில் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண்மணி காகிதக் கைக்குட்டை ஒன்றை நீட்டினார். நன்றி என்றேன், பழக்கதோஷத்தில் இரண்டு முறை.

8

என் முன்னால் இருந்தவை மூன்று வழிகள். அம்மா பெயரும் உண்மையும் போட்டால் தம்பி பிழைப்புப் போய்விடும். அம்மா பெயரைப் போட்டுக் கீழே இல்லத்தரசி என்று வெட்டலாம். அதில் என்ன கேவலம், வீட்டையும் அவதானே பாத்தா என்று தம்பிகூடச் சொல்லிப் பார்த்தான். பதினேழு வயதில் காகிதத்தில் எழுதிய பொய்யை நாற்பத்தெட்டு வயதில் கருங்கல்லில் வெட்ட எனக்கு மனம் வரவில்லை. காகிதமாவது ஒரு நாள் கறையான் தின்னும். மூன்றாவது, தாரா சொன்ன மாதிரி கொடுக்காமலே விடுவது. அதற்கும் முடியவில்லை. அந்தப் படிப்பகத்தில் உட்காரப்போவது என்னைப் போல வந்த பிள்ளைகள்தான், பவித்ராவும்தான்.

எங்கள் அலுவலகத்தில் பெயர் சொல்லாமல் கொடுக்கிறவர்கள் சிலர் உண்டு. அவர்களைக் கேரலுக்கு ரொம்பப் பிடிக்கும். மகான்கள் என்பார். நானும் அப்படித்தான் நினைத்து அவர்களுக்குக் கடிதம் எழுதிவந்தேன். பெயர் இல்லாதவருக்கு எழுதும் நன்றியில் கூடுதலாக ஒரு வரி சேர்ப்போம், 'தங்கள் அடக்கத்துக்குத் தலைவணங்குகிறோம்' என்று. இத்தனை வருடத்தில் அவர்களில் ஒருவராவது வேறு காரணத்துக்காகப் பெயரை மறைத்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வசந்தா அனுப்பிய படிவத்தில் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தேன்: 'பெயர் வெளியிட விரும்பவில்லை.' கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரத்தில் செயலாளரிடமிருந்து கடிதம் வந்தது. நல்ல காகிதம், நல்ல தமிழ். என் அடக்கத்தைப் பாராட்டியிருந்தார். தம்பிக்கு விஷயத்தைச் சொன்னேன். "சரிக்கா" என்றான்.

விழா நடந்தது. வசந்தா வீடியோ அனுப்பினாள். மேளம், பொன்னாடை, குத்துவிளக்கு. சுவர் முழுக்கப் பூச்சரம் தொங்கவிட்டிருந்ததால் எழுத்து எதுவும் தெரியவில்லை. நானும் பெரிதுபடுத்திப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் காலையில் கருப்பசாமி கூப்பிட்டான். ஹாஸ்டலில் பவித்ராவுக்குத் துணி கொடுக்கப் போனவன், சுவரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அவனை நான் பார்க்கச் சொல்லவில்லை.

"பெரிய சுவருக்கா. பளபளன்னு இருக்கு. பேரு இல்லாமக் கொடுத்தேன்னு சொன்னேல்ல, அது எங்கனன்னு பவித்ராவக் கூட்டிக்கிட்டுத் தேடுனேன். பேர் சொல்ல விரும்பாத நன்கொடையாளர்னு மூணு எடத்துல வெட்டிருக்காக. மூணும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. இதுல எது நம்ம அம்மான்னு ஒனக்காவது தெரியுமாக்கா?"

எனக்கும் தெரியாது என்றேன்.

"வாச்மேன் வேற என்னையே பாத்துக்கிட்டு நின்னான். ரொம்ப நேரம் நிக்க முடியல. அதான், மூணையும் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."